ஒருவருக்கு மாம்பழம்! இன்னொருவருக்கு விசாரணையா?



கடையில் தராசு வைத்திருக்கும் உங்களுக்கு முத்திரை என்றால் என்னவென்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆண்டுதோறும் மின்னணுத் தராசைக் கொண்டுபோய் முத்திரை போட்டு வர வேண்டும். முத்திரை ஆய்வாளர் எந்த நேரத்தில் கடைக்குள் நுழைவார் என்று தெரியாது. முத்திரை காலாவதியாகி இருந்தால் அபராதம். இது போக, ஐம்பது கிராம் குறைந்தால் வாடிக்கையாளர் தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். அரைக் கிலோ வெங்காயம் நிறுப்பதற்கு இத்தனை கட்டுப்பாடு உள்ள நாட்டில், நம்மை ஆள வருகிறவர்களை இரவு ஒன்பது மணிக்கு நிறுத்துக் காட்டுகிற தொலைக்காட்சித் தராசுக்கு முத்திரை குத்துவது யார்?

தேர்தல் வந்துவிட்டால் நெறியாளர்களின் பாரபட்சம் பற்றிப் பேச்சு கிளம்பும். "அந்தச் சேனல் அவன் கட்சி, இந்தச் சேனல் இவன் கட்சி" என்று டீக்கடையில் தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கலைந்து விடுகிறோம். பாரபட்சம் என்றால் பொய்ச் செய்தி சொல்வது என்றே நம்மில் பலர் எண்ணிக் கொண்டிருக்கிறோம். கைதேர்ந்த நெறியாளர் பொய் சொல்ல மாட்டார். அவருக்கு அது தேவையும் இல்லை. அவர் கேள்வி கேட்பார். யாரிடம் எந்தக் கேள்வி, எந்தப் பதிலோடு விட்டுவிடுவது, எந்தப் பதிலுக்குப் பிறகும் விடாமல் துளைப்பது என்பதிலேயே வேலை முடிந்துவிடும்.

2019ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலை நினைத்துப் பாருங்கள். ஏழு கட்டங்களில் மூன்று முடிந்து நான்கு பாக்கி இருந்த நேரம். ஏப்ரல் 24ஆம் தேதி காலை, பிரதமர் மோடியின் பேட்டி ஒன்று செய்திச் சேனல்களில் ஓடியது. 'அரசியல் கலவாத பேட்டி' என்று பெயர் வைத்தார்கள். நடிகர் அக்‌ஷய் குமார் கேட்கிறார்: நீங்கள் மாம்பழம் சாப்பிடுவீர்களா, எப்படிச் சாப்பிடுவீர்கள்? வேலைவாய்ப்பு எங்கே என்று கேட்கவில்லை. நோட்டுத் தடையில் கடையை மூடியவன் கதி என்ன, ஜி.எஸ்.டி.யில் சிக்கிய சிறுவியாபாரி கதி என்ன என்றும் கேட்கவில்லை. கேட்டவர் நெறியாளர்கூட இல்லை, நடிகர்தானே என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் அதை எடுத்து ஒளிபரப்பியவை செய்திச் சேனல்கள்! வாரணாசியில் வேட்பாளராக நிற்கும் ஒருவருக்கு, வாக்குப்பதிவு நடந்துகொண்டிருக்கும்போது கிடைத்த கேள்வி அது.

இனி, முஸ்லிம் பெயர் தாங்கிய ஒருவர் தேர்தல் களத்தில் இறங்கினால் கிடைக்கும் கேள்வி என்ன என்று பாருங்கள். பத்திரிகைச் சுதந்திரத்துக்கு இலக்கணம் சொல்வதாக மார்தட்டும் அமெரிக்காவிலிருந்தே சொல்கிறோம்.

2006 நவம்பரில் மின்னசோட்டா மாநிலத்திலிருந்து கீத் எலிசன் அமெரிக்க காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தச் சபைக்குள் நுழைந்த முதல் முஸ்லிம் அவர்தான். வெற்றி பெற்ற ஒரு வாரத்தில், சி.என்.என். நிறுவனத்தின் 'ஹெட்லைன் நியூஸ்' சேனலில் நெறியாளர் கிளென் பெக் அவரிடம் கேட்டது என்ன தெரியுமா? நீங்கள் நம் எதிரிகளோடு சேர்ந்து வேலை செய்யவில்லை என்பதை எனக்கு நிரூபித்துக் காட்டுங்கள்! உங்களை எதிரி என்று நான் குற்றம் சாட்டவில்லை, எனக்கு அப்படித் தோன்றுகிறது, பல அமெரிக்கர்களுக்கும் அப்படித் தோன்றும் என்று ஒரு சமாதானமும் கூடவே வந்தது. அந்தத் தேர்தலில் வென்று வந்த நூற்றுக்கணக்கான மற்ற உறுப்பினர்களில் எத்தனை பேரிடம் இப்படி நிரூபணம் கேட்டார்கள்? எலிசன் ஆத்திரப்படவில்லை. தம் நாட்டின் மீது தமக்குள்ள ஆழ்ந்த அன்பைத் தம் தொகுதி மக்கள் அறிவார்கள் என்று பதில் சொல்லிவிட்டுப் போனார். அதே மக்கள் அவரை மீண்டும் மீண்டும் அனுப்பி வைத்தார்கள்.

அது பழைய கதை, இப்போது மாறியிருக்கும் என்கிறீர்களா? 2025 ஜூன் 4. நியூயார்க் மாநகர மேயர் பதவிக்கு ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரைத் தேர்வு செய்ய நடந்த தொலைக்காட்சி விவாதம். மேடையில் ஒன்பது பேர். மேயரானால் முதலில் எந்த வெளிநாட்டுக்குப் போவீர்கள் என்பது எல்லோருக்கும் பொதுவான கேள்வி. சிலர் இஸ்ரேல் என்றார்கள். நெறியாளர்கள் கேட்டுக்கொண்டு நகர்ந்தார்கள். ஸஹ்ரான் மம்தானி தம் முறை வந்தபோது, நான் எங்கும் போகமாட்டேன், நியூயார்க்கிலேயே இருந்து நகர மக்களின் பிரச்சினையைக் கவனிப்பேன் என்றார். மேயர் பதவிக்கு நிற்கிறவர் சொல்ல வேண்டிய பதில்தானே இது? ஆனால் அங்கே நிறுத்தவில்லை. இஸ்ரேலுக்குப் போவீர்களா என்று உடனே துணைக் கேள்வி. அதற்கும் பதில் வந்தது. யூத நாடாக இஸ்ரேல் இருப்பதை ஏற்கிறீர்களா என்று அதற்கும் மேல் ஒரு கேள்வி. அவர் நிற்பது வெளியுறவு அமைச்சர் பதவிக்கா? வீட்டு வாடகை, பேருந்துக் கட்டணம், குப்பை, காவல்துறை என்று மேயர் பார்க்க வேண்டிய வேலை மலைபோல் கிடக்கிறது!

நியாயமாகப் பேசுவோம். பாலஸ்தீனம் பற்றி மம்தானி முன்பே வெளிப்படையாகப் பேசி வந்தவர், ஆகவே கேட்டது தவறில்லை என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கட்டும். அப்படியானால் இஸ்ரேல் என்று பதில் சொன்னவர்களிடம், காஸாவில் குழந்தைகள் செத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ஏன் அங்கே போகிறீர்கள் என்று ஒரு துணைக் கேள்வி வந்திருக்க வேண்டாமா? ஒரு பக்கம் படிக்கல்லை வைத்துவிட்டு மறுபக்கம் விரலை வைத்து அழுத்தினால் அதற்கு உங்கள் கடைத்தெருவில் என்ன பெயர்? அந்தத் தேர்தலில் மம்தானி வென்றார், நவம்பர் 4ஆம் தேதி பொதுத்தேர்தலிலும் வென்றார், 2026 ஜனவரி முதல் நாள் மேயராகப் பதவி ஏற்றார் என்பது தனிச் செய்தி. எல்லா ஊரிலும் எல்லா வேட்பாளரும் அப்படிக் கரையேறி விடுவதில்லை.

இந்த மாதிரிக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது? நம் இளைஞர்கள் ஒருவரைக் கவனிக்க வேண்டும். அவர் முஸ்லிம் அல்ல. அமெரிக்கப் படைத் தளபதியாகவும் வெளியுறவு அமைச்சராகவும் இருந்த காலின் பவல். இராக் போருக்கு ஐ.நா. சபையில் வாதாடிய அந்தக் கறையை நாம் மறக்கவில்லை. ஆனாலும் 2008 அக்டோபர் 19ஆம் தேதி என்.பி.சி. தொலைக்காட்சியில் அவர் சொன்னதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒபாமா ஒரு முஸ்லிம் என்று வதந்தி கிளப்பி அவரை வீழ்த்தப் பார்த்த நேரம் அது. அவர் முஸ்லிம் அல்ல, கிறிஸ்தவர் என்பது சரியான பதில். ஆனால் மிகச் சரியான பதில், முஸ்லிமாக இருந்தால்தான் என்ன என்பதே என்ற கருத்தில் பேசினார் பவல். இந்த நாட்டில் முஸ்லிமாக இருப்பதில் என்ன தவறு, ஏழு வயது முஸ்லிம் சிறுவன் ஒருவன் தானும் ஜனாதிபதி ஆகலாம் என்று நினைக்கக் கூடாதா என்றும் கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை, கேள்வியையே கூண்டில் ஏற்றினார். இதை நாம் கற்றுக்கொள்ளவில்லை. நம்மிடம் தேசப்பற்றுக்கு ஆதாரம் கேட்டால் உடனே சுதந்திரப் போராட்டத் தியாகிகளின் பட்டியலை எடுத்து வாசிக்க ஆரம்பித்து விடுகிறோம். பட்டியல் உண்மையானதுதான். ஆனால் பக்கத்து நாற்காலிக்காரரிடம் யாரும் பட்டியல் கேட்கவில்லையே!

நமக்கு எதிரான பாரபட்சம் மட்டும்தான் பாரபட்சம் என்று சொல்ல நாம் வரவில்லை. 2016இல் டிரம்ப் நின்ற தேர்தல். அவரைக் கடுமையாக விமர்சித்த சி.என்.என்.னில் கருத்தாளராக இருந்த டோனா பிரேசில், விவாத மேடையில் வரப்போகும் கேள்விகளை ஹிலாரி கிளிண்டன் தரப்புக்கு முன்கூட்டியே அனுப்பினார். விஷயம் வெளியானதும் அந்த நிறுவனம் அவரோடு இருந்த உறவை முறித்துக் கொண்டது. வினாத்தாளை வெளியே விடுவது எந்தக் கட்சிக்குச் சாதகமாக இருந்தாலும் திருட்டுத்தான்.

அதேபோல, கடுமையான கேள்வி எல்லாம் பாரபட்சம் ஆகிவிடாது. கரண் தாப்பரை எடுத்துக் கொள்ளுங்கள். 2004இல் பி.பி.சி.க்காக அன்றைய தமிழக முதல்வர் ஜெயலலிதாவைப் பேட்டி கண்டார். உங்களோடு பேசியதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு அந்த அம்மையார் எழுந்து போனார். 2007இல் குஜராத் தேர்தலுக்கு முன் அன்றைய முதல்வர் மோடியிடம் 2002 கலவரம் பற்றிக் கேட்டார். மோடி தண்ணீர் கேட்டார், மைக்கைக் கழற்றினார், சில நிமிடங்களில் பேட்டி முடிந்தது. ஆள் பார்த்துச் சூடு குறைக்காதவரிடம் நம் வேட்பாளரும் போய் உட்கார்ந்து வியர்க்கட்டும். நாம் வருத்தப்பட மாட்டோம்.

நம் தமிழ்நாட்டில் இந்த நோய்க்கு வேறு முகம். இங்கே கட்சிக்கு ஒரு சேனல் என்று ஆகிப் பல காலம் ஆயிற்று. ஜெயா டி.வி. 1999இல் வந்தது, கலைஞர் டி.வி. 2007இல் வந்தது, மக்கள், கேப்டன் என்று வரிசை நீண்டது. இவற்றை நாம் அவ்வளவு பெரிய ஆபத்தாகக் கருதவில்லை. கடைக்கு வெளியே பெயர்ப்பலகை தொங்குகிறது, உள்ளே என்ன சரக்கு என்று தெரிந்தே போகிறோம். பலகையில் 'நடுநிலை' என்று எழுதி வைத்துவிட்டு உள்ளே ஒரே கட்சிச் சரக்கை விற்கும் கடைதான் ஆபத்து. கட்சிச் சார்பு இருந்தால் வெளிப்படையாக அறிவித்துவிட வேண்டும் என்று செய்திச் சேனல்களின் சங்கமே 2014இல் தேர்தல் ஒளிபரப்புக்காக விதி எழுதி வைத்திருக்கிறது. எந்த நெறியாளராவது அப்படி அறிவித்துவிட்டு விவாதத்தைத் தொடங்கியதை நீங்கள் பார்த்ததுண்டா? நாங்கள் பார்க்கவில்லை.

சரி, என்னதான் செய்வது? 2023 செப்டம்பரில் 'இந்தியா' கூட்டணி 14 நெறியாளர்களின் பெயரைப் பட்டியலிட்டு, அவர்கள் நிகழ்ச்சிக்குப் போகமாட்டோம் என்று அறிவித்தது. வெறுப்பை விற்பவனின் மேடையில் ஏறமாட்டேன் என்பதில் நியாயம் உண்டு. ஆனால் அது கட்சிகள் செய்கிற காரியம். பட்டியலில் இருப்பவர் பாட்டுக்கு நிகழ்ச்சி நடத்திக்கொண்டுதான் இருப்பார், காலி நாற்காலியைக் காட்டிக் கூடக் கொஞ்சம் திட்டுவார்.

இதைவிட நம் கவனத்துக்கு உரியது, அவ்வளவாகப் பேசப்படாத ஒரு காரியம். செய்தி ஒளிபரப்பு மற்றும் டிஜிட்டல் தர ஆணையம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. ஓய்வு பெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி ஏ.கே. சிக்ரி அதன் தலைவராக இருந்தபோது, 2024 பிப்ரவரியில் சில உத்தரவுகள் போட்டார். டைம்ஸ் நவ் நவ்பாரத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம், நியூஸ்18 இந்தியாவுக்கு 50 ஆயிரம், ஆஜ் தக்குக்கு எச்சரிக்கை. ஒரு சமுதாயத்தையே குறிவைத்த அந்த நிகழ்ச்சிகளின் பதிவுகளை ஏழு நாளில் நீக்கவும் உத்தரவு. புகார் கொடுத்தது பெரிய கட்சியா? கோடி ரூபாய் வக்கீலா? தனி மனிதர் ஒருவர்! அவர் முஸ்லிமும் அல்ல. நிகழ்ச்சியைப் பார்த்தார், என்ன சொன்னார்கள் என்று குறித்தார், எழுதிப் போட்டார். நாம் அன்றிரவு என்ன செய்தோம்? அந்தத் துண்டு வீடியோவை நூறு பேருக்கு அனுப்பி அந்தச் சேனலுக்கு இலவச விளம்பரம் செய்தோம்.

இந்த ஆணையத்தின் பல் கூர்மையானது என்று நாங்கள் சொல்லவில்லை. தன் உறுப்பினர்களாக உள்ள சேனல்களை மட்டுமே அது கட்டுப்படுத்தும். 2023இல் உச்சகட்ட அபராதமே ஒரு லட்சமாகத்தான் இருந்தது. இது போதாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே குறைபட்டுக் கொண்டது. இருந்தாலும் நிகழ்ச்சி ஒளிபரப்பான 7 நாட்களுக்குள் முதலில் சேனலுக்குப் புகார் எழுத வேண்டும், பதில் திருப்தி இல்லையென்றால் ஆணையத்துக்குப் போக வேண்டும் என்ற வழி திறந்தே இருக்கிறது. 7 நாள் கழிந்தால் போச்சு. கோபம் ஆறிய பிறகு எழுதுகிற புகாரை யாரும் தொடமாட்டார்கள்.

வணிகப் பெருமக்களே, உங்கள் கையில் இதைவிட வலுவான ஆயுதம் இருக்கிறது. 2020 அக்டோபரில், வெறுப்பை வளர்க்கும் சேனல்களுக்கு விளம்பரம் தரமாட்டோம் என்று பஜாஜ் ஆட்டோவும் பார்லே பிஸ்கட் நிறுவனமும் வெளிப்படையாகச் சொன்னார்கள். இத்தனைக்கும் அவர்கள் யாரும் பாதிக்கப்பட்டவர்கள் அல்ல. நம்மவர்களோ நோன்புப் பெருநாள் வாழ்த்து விளம்பரத்தைப் புகைப்படத்தோடு எந்தச் சேனலுக்குக் கொடுக்கிறோம் என்று ஒருமுறைகூட யோசிப்பதில்லை. ஜவுளிக்கடை, நகைக்கடை, பிரியாணிக் கடை என்று ஊருக்கு ஊர் விளம்பரம் கொடுப்பவர்கள் உட்கார்ந்து பேசினால் உள்ளூர்ச் சேனலின் விளம்பர மேலாளர் மறுநாளே வாசலில் நிற்பார்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. விவாதத்துக்கு அழைப்பு வந்தால் உடனே சட்டையை இஸ்திரி போட ஓடாதீர்கள். எத்தனை பேர், யார் யார், தலைப்பு என்ன, எனக்கு எத்தனை நிமிடம் என்று முதலில் கேளுங்கள். நாலு பேர் சேர்ந்து திட்டுவதற்குத் தொப்பியும் தாடியுமாக ஓர் ஆள் வேண்டும் என்பதற்காக அழைத்தால், நீங்கள் அங்கே விருந்தினர் அல்ல.

போகாதவர்கள் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. நாற்பது பக்கப் பள்ளி நோட்டு ஒன்று போதும். தேர்தல் அறிவித்த நாளிலிருந்து ஒருவர் ஒரு சேனல், ஒரு நிகழ்ச்சி என்று பிரித்துக் கொள்ளுங்கள். தேதி, நேரம், நெறியாளர், எந்த வேட்பாளருக்கு எத்தனை நிமிடம், என்ன கேள்வி, எத்தனை முறை குறுக்கிட்டார். சொந்தக் கருத்து எதுவும் எழுத வேண்டாம். நமக்குச் சாதகமாக நடந்தாலும் அதையும் குறியுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அந்தப் பக்கங்களின் நகலை நமக்கு அனுப்பி வையுங்கள். வந்து சேர்வதை இதே பக்கத்தில் வெளியிடுகிறோம்.