நிறத்தைப் பார்ப்போர் ஆணியைப் பார்ப்பதில்லை



ஜாலான் புசார் அடுக்குமாடி வீடுகளில் பழைய சன்னல்களை மாற்றுவோர், கண்ணாடி நீலமா கறுப்பா, விலையில் எவ்வளவு குறையும் என்று குத்தகையாளரிடம் மணிக்கணக்கில் பேசுகின்றனர். சன்னல் கதவைத் தாங்கும் ரிவெட் ஆணி எந்த உலோகம் என்று கேட்போரை நான் அரிதாகவே காண்கிறேன். இதைச் சிக்கனம் என்கிறார்கள். நான் பொறுப்பின்மை என்பேன்.

வெளிப்புறம் திறக்கும் சன்னல்களில் உள்ள அலுமினிய ரிவெட்டுகள் நாளடைவில் அரித்துப்போகும். பிறகு பத்தாவது மாடியில் பலத்த காற்று ஒருமுறை வீசினால் போதும். கதவு பெயர்ந்து நடைபாதையில் விழும். பள்ளி விட்டு நம் பிள்ளைகள் வரும் பாதை அது. ஆகவேதான், அவற்றை நீக்கித் துருப்பிடிக்காத எஃகு ரிவெட்டுகளைப் பொருத்த வேண்டும் என்று சிங்கப்பூரில் 2004இல் சட்டம் வந்தது. சன்னல் விழக் காரணமானவருக்கு 10,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.

"குத்தகையாளர் பார்த்துக்கொள்வார்" என்பது வெறும் சாக்கு. வீடு உங்களுடையது, சன்னலும் உங்களுடையதே. அங்கீகாரம் பெற்ற சன்னல் குத்தகையாளரா என்று கேளுங்கள். நகர்த்தும் சன்னலாயின், கதவு தடம் விலகாதபடி தடுப்பான்கள் உள்ளனவா என்று பாருங்கள். ஆண்டுக்கு இருமுறை, ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறைகளில், ஆணிகளைச் சோதித்துத் தடங்களைத் துடையுங்கள்.

சாலையைக் கடக்கும்போது இருபுறமும் பார்க்கப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். தலைக்கு மேல் இருப்பதைப் பார்க்க வேண்டியவர்கள் நாம்.