மின்வணிக ஆராய்ச்சியும் நம் கடற்கரையும்

வேண்டும் பொருளை, வேண்டும் அளவில், வேண்டும் காலத்தில், வேண்டும் இடத்திற் சேர்க்கும் வழியை ஆராய்வது செயற்பாட்டு மேலாண்மை. அதற்கு உயிர்நிலையாவது செய்தி. அச்செய்தியை நொடிப்பொழுதிற் கைமாற்றி வாணிகம் நடத்துவது மின்வணிகம். ஆதலின் இவ்விரண்டனையும் ஒருங்கு வைத்து ஆராய்வோர் உலகெங்கும் பல்கியுள்ளனர். அவ்வாராய்ச்சியை நம் மாணவர் எங்ஙனம் கற்றல் வேண்டும் என்பதே ஈண்டு நாம் கூறப் புகுந்தது.

1997ஆம் ஆண்டில் ஹா லீ என்பாரும் அவர்தம் தோழர் இருவரும் ஓருண்மையை விளக்கினர். கொள்வோர் தேவை சிறிதே மாறினும், கடைக்காரர், மொத்த வணிகர், ஆலையார் எனச் செய்தி கைமாறுந்தோறும் அது பெருத்துத் திரிகின்றது. சாட்டையின் பிடி சிறிதசைய நுனி பெரிதும் வீசுதல் போல. அனைவரும் ஒரே செய்தியைக் காணின் இத்திரிபு குறையும் என்றனர்.

இதனினும் நமக்கு அணித்தாயது, ராபர்ட் ஜென்சன் 2007ல் வெளியிட்ட ஆராய்ச்சி. வடகேரளத்து மத்தி மீனவரிடையே 1997 முதல் 2001 வரை கைப்பேசி பரவியதன் பயனை அவர் அளந்தார். 1997 சனவரி 14ஆம் நாள், வடகரையில் 11 மீனவர் வாங்குவாரின்றித் தம் மீனைக் கொட்டினர். அதே வேளையில் 15 கிலோமீட்டருக்குள் வாங்க வந்த 27 பேர் மீன் கிட்டாது நின்றனர். கைப்பேசி வந்தபின், மீனவர் கடலிலிருந்தே விலையறிந்து கரை தேர்ந்தனர். மீன் வீணாதல் நீங்கிற்று. அவர் ஆதாயம் சராசரி 8 விழுக்காடு உயர்ந்தது. கொள்வோர்க்கு விலை 4 விழுக்காடு தாழ்ந்தது.

நிற்க. இம்முடிபை எல்லாக் கரைக்கும் பொதுவாக்குவார் பலர். 2013ல் ஜானகி சீனிவாசன், ஜென்னா பரல் என்னும் இருவர் கேரளக் கரையை மீண்டும் ஆராய்ந்து, தொழில்முறையும் விற்பனைமுறையும் வேறுபடுமிடத்துக் கைப்பேசியின் பயனும் வேறுபடும் எனக் காட்டினர்.

நம் கரையை நோக்குவோம். கோவளம் முதல் மாமல்லபுரம் வழியே சதுரங்கப்பட்டினம் வரையுள்ள குப்பங்களில் இன்று கைப்பேசிக்குக் குறைவில்லை. ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிலையம் செயற்கைக்கோள் துணையால் மீன் திரளுமிடத்தைக் கணித்து அறிவிக்கின்றது. ஆயினும், செய்தியை அறிதல் வேறு. அறிந்தவாறு நடக்கும் உரிமை வேறு. படகிற்கும் வலைக்கும் வணிகரிடம் முன்பணம் பெற்றவர், தம் மீனை அவ்வணிகர்க்கே தரக் கடமைப்பட்டவர். அடுத்த கரையில் விலை ஏறியதைக் கைப்பேசி கூறினும் அவர் செய்யத்தக்கது யாது? கரையில் மீன் எடுத்துக் கூடையிற் சுமந்து தெருத்தெருவாய் விற்கும் மகளிர்க்கு, இணையத்தின்வழி மீன் விற்கும் நிறுவனங்களால் விளைவது நன்மையா, தீமையா?

மின்வணிகம் வேண்டா என்பது நம் கருத்தன்று. விலைப்பட்டியலோடு கடன் கணக்கையும் எழுதாத ஆராய்ச்சி அரை ஆராய்ச்சியே என்பதுதான் நம் கருத்து. செங்கற்பட்டிலிருந்து கடற்கரை தொலைவன்று. ஓராண்டேனும் நம் மாணவர் ஒரு குப்பத்திற்குச் சென்று, அன்றன்று யார் யார்க்கு என்ன விலைக்கு விற்றனர், முன்பணத்தாற் கட்டுண்டார் எத்துணையர், விலைபோகாது கழிந்தது எவ்வளவு என்று குறிப்பாராக. கண்ட முடிபைப் பட்டத்திற்கு மட்டும் பயன்படுத்தாது, அக்குப்பத்தார் முன்னிலையில் தமிழிற் படித்துக் காட்டுவாராக. அவர் தவறென்று திருத்துமிடத்தே நம் கல்வி தொடங்கும்.