சித்தப்பாவின் லென்ஸும் ஒரு மில்லிமீட்டர் வளையமும்

பழைய கேமரா லென்ஸைக் கண்ணாடி அலமாரியில் பொம்மை போல வைத்திருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. உழைக்கத் தெம்புள்ள பொருளை உழைக்க விட வேண்டும் என்பது என் கட்சி.

நெய்வேலி அனல் மின் நிலையம் சோவியத் உதவியோடு எழுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அங்கே வேலை பார்த்த என் சித்தப்பா, ஊர் திரும்பிய ரஷ்ய இன்ஜினியர் ஒருவரிடம் ஸோர்க்கி கேமரா ஒன்றை வாங்கினார். அதில் இருந்தது ஜூபிடர்-8 என்ற 50 மி.மீ. லென்ஸ். 1930களில் ஜெர்மனியின் ஸைஸ் கம்பெனி செய்த ஸொன்னார் லென்ஸின் வழியில் வந்தது. கேமராவின் ஷட்டர் திரை எப்போதோ கிழிந்துவிட்டது. ஃபிலிமும் போயிற்று, ஊட்டியில் 1960இல் தொடங்கிய நம் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸும் மூடிவிட்டது. லென்ஸ் மட்டும் நன்றாக இருந்தது.

அதை இப்போது என் மகன் விட்டுச்சென்ற டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டரான லைக்கா எம்8இல் மாட்டியிருக்கிறேன். பலர் நினைப்பது போல இது பெரிய வித்தை அல்ல. பழைய லென்ஸின் திருகுமரை 39 மி.மீ. லைக்கா தொடங்கிய இந்த அளவையே கேனனும் சோவியத் தொழிற்சாலைகளும் பின்பற்றின. 1954இல் லைக்கா புதிய எம் மவுண்டுக்கு மாறியபோது, லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் உள்ள தூரத்தை 28.8இலிருந்து 27.8 மி.மீ. ஆக்கியது. வித்தியாசம் சரியாக ஒரு மில்லிமீட்டர். அந்தக் கனத்தில் ஒரு பித்தளை வளையத்தை இடையில் திருகினால் போதும். அந்தக் காலத்து வாடிக்கையாளரைக் கைவிடாமல் யோசித்திருக்கிறார்கள். சார்ஜர் முனையை அடிக்கடி மாற்றும் இன்றைய கம்பெனிகள் கற்க வேண்டிய பாடம் இது.

வளையம் வாங்கும்போது 50-75 என்று குறித்ததைக் கேட்டு வாங்குங்கள். வியூஃபைண்டரில் சரியான சட்டக்கோடு அப்போதுதான் தெரியும். ஒரு சங்கடமும் உண்டு. சோவியத் லென்ஸின் ஃபோகஸ் கணக்கு லைக்காவின் கணக்கிலிருந்து இம்மி விலகியது. எஃப் 2இல் முழுதாகத் திறந்து பேத்தியின் முகத்தைக் கிட்டத்தில் எடுத்தால் கண்ணுக்குப் பதில் வேறெங்கோ கூர்மை விழும். எஃப் 8க்குச் சுருக்கிவிட்டால் பெரும்பாலும் தொல்லை இல்லை. செய்தித்தாளைச் சாய்த்து வைத்து நாலு படம் எடுத்தால் எவ்வளவு விலகுகிறது என்று தெரிந்துவிடும்.

"இதற்குச் செல்போன் போதாதா?" என்கிறார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பப் போதும். ஆனால் ராஜகிரியின் கருங்கல்லைச் செல்போன் தானாகவே மெருகேற்றிப் புதுச் சுவர் போலாக்கிவிடுகிறது. கல்யாண மகாலை ஜூபிடர் கொஞ்சம் மென்மையாகக் காட்டுகிறது; கல்லின் சொரசொரப்பு அப்படியே இருக்கிறது. எதிர்வெயிலில் படம் வெளுக்கும், அதற்கு ஒரு ஹூட் போடுங்கள். 2025இல் நம் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பிறகு எல்லோரும் படம் எடுக்கிறார்கள். ஒரே மாதிரியான ஆயிரம் படங்களுக்கு நடுவே உள்ளூர்க்காரன் கண் தனியாகத் தெரிய வேண்டாமா?

இதற்காக லட்சக்கணக்கில் கொட்டி லைக்கா வாங்கச் சொல்ல மாட்டேன். பென்ஷன்காரர்களுக்கு அது கட்டுப்படியாகாது. சாதாரண மிரர்லெஸ் கேமராவுக்கும் வளையம் கிடைக்கிறது. ஆனால் ரேஞ்ச்ஃபைண்டரில் இரண்டு பிம்பங்களை ஒன்றாகச் சேர்ப்பதுதான் ஃபோகஸ். கூர்மையை மதிப்பிடத் தடுமாறும் நம் வயதுக் கண்களுக்கு அது சுலபம்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று கிடக்கலாம். லென்ஸை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். சிலந்தி வலை போலத் தெரிந்தால் பூஞ்சை; நமக்குக் கண்புரை மாதிரி, ஆரம்பத்தில் பார்த்தால் சரிசெய்யலாம். தோல் உறையில் மட்டும் வைக்காதீர்கள், அது ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். லென்ஸைப் பிரித்துத் துடைக்கத் தெரிந்த கைகள் வருஷத்துக்கு வருஷம் குறைந்து வருகின்றன. பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடும் முன் ஒருமுறை யோசியுங்கள்.