யாரிடமிருந்து யாருக்குக் காவல்?

‘வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் செல்வோர் காவல் நிலையத்தில் தகவல் தெரிவிக்கவும். பெண்கள் நகை அணிந்து தனியே செல்ல வேண்டாம். சந்தேகப்படும்படியான நபர்கள் நடமாடினால் உடனே தெரிவிக்கவும்.’ தீபாவளி, பொங்கல் நெருங்கினால் காவல் துறையின் இந்தத் துண்டறிக்கையைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. நல்ல யோசனைகள்தான். பீரோ உள்ளவர்கள் பூட்டட்டும், சங்கிலி உள்ளவர்கள் மறைத்துக்கொள்ளட்டும். நமக்கு அதில் வழக்கில்லை. நம் கேள்வி மூன்றாவது வரியைப் பற்றியது. சந்தேகப்படும்படியான நபர் என்றால் யார்? அவர் எந்தத் தெருவிலிருந்து வருவார்?

எங்கள் காலனிக்கு அந்தத் துண்டறிக்கை வந்ததே இல்லை. ஊர்த்தெருவில் ஒட்டிவிட்டு, கோயில் திண்ணையில் நாலு பேரைக் கூட்டிவைத்துப் பேசிவிட்டு ஜீப் திரும்பிவிடும். காலனிக்கு ஜீப் வருவது வேறு காரியத்துக்கு. ஊரில் கிணத்து மோட்டார் களவு போனால் வரும். ஊர்ப்பெண் ஒருத்தி நம்ம பையனோடு போய்விட்டால் வரும். ‘எவன்டா ராத்திரி வெளிய போனது?’ என்பதுதான் நமக்குக் கிடைக்கிற குற்றத் தடுப்பு ஆலோசனை. எச்சரிக்கை ஊருக்கு என்றால், எச்சரிக்கையில் வருகிற ‘நபர்’ நாம்தான்.

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது? பல ஊர்களில் பயிரையும் களத்தையும் ஏரி மதகையும் காத்து நின்றது நம்ம சனங்கதான். களத்து நெல்லை ராவெல்லாம் கண்விழித்துக் காத்தவன் மேல் திருட்டுப் பட்டம் எப்படி ஒட்டியது? வெள்ளைக்காரன் 1859-ல் சென்னை மாகாணத்துக்குப் போலீஸ் சட்டம் போட்டான். 1871-ல் வடக்கே கொண்டுவந்த குற்றப் பழங்குடிச் சட்டத்தை 1911-ல் இங்கேயும் விரித்தான். பிறந்த சாதியை வைத்தே பதிவேட்டில் ஏற்றினான், கைரேகை எடுத்தான், ராத்திரியில் வந்து ஆஜர் கொடு என்றான். தொழிலும் தீட்டும் பிறப்பால் வரும் என்றது மனு. குற்றமும் பிறப்பால் வரும் என்று எழுதியது வெள்ளைக்காரன் சட்டம். இரண்டுக்கும் எவ்வளவு பொருத்தம்! அந்தச் சட்டத்தை எதிர்த்து நின்ற பிரமலைக் கள்ளர்களைத்தான் 1920-ல் பெருங்காமநல்லூரில் சுட்டுக் கொன்றார்கள். இன்றைக்குச் சேரியைச் சந்தேகமாகப் பார்க்கிற சாதிகளிலும் அந்தச் சூட்டின் தழும்பு இருக்கிறது. அவர்கள் மறந்தாலும் நாம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

1952-ல் அந்தச் சட்டம் நாடு முழுவதும் நீக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே 1948-ல் ‘வழக்கமான குற்றவாளிகள்’ என்ற பெயரில் சென்னையில் வேறொரு சட்டம் வந்து உட்கார்ந்துவிட்டது. பெயர் போனது, பதிவேடு போகவில்லை. ‘கேடி’ என்று நம் வாயில் புழங்குகிற சொல்லே, ‘அறியப்பட்ட கொள்ளைக்காரன்’ என்பதற்குப் போலீஸ் பதிவேட்டில் எழுதிய இரண்டு ஆங்கில எழுத்துகள். நம்ம பிள்ளைகளை நாமே செல்லமாகக் ‘கேடிப் பய’ என்று கூப்பிடுகிறோம்! 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்தது. சந்தேகத்தின் பேரில் நன்னடத்தைப் பிணை கேட்கும் பழைய 109, 110 பிரிவுகள் அதில் 128, 129 என எண் மாறி அப்படியே இருக்கின்றன.

சந்தேகம் என்பது வெறும் பார்வை இல்லை தோழர்களே, அது உயிரைக் குடிக்கும். 1993-ல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் குறவர் சமூகத்து ராசாக்கண்ணு அடித்துக் கொல்லப்பட்டார். 2011 நவம்பரில் திருக்கோவிலூர் பகுதியில் இருளர் குடியிருப்புக்கு ராத்திரியில் போன போலீஸ்காரர்கள் மீது பெண்கள் பாலியல் வன்கொடுமைப் புகார் கொடுத்தார்கள். 2025 ஜூனில் மடப்புரம் கோயிலின் இளம் காவலாளி போலீஸ் பிடியில் செத்தார். மூன்றும் வேறு வேறு காலம், வேறு வேறு மாவட்டம். மூன்றுமே தொடங்கியது களவு விசாரணையில். காணாமல் போன நகையைவிட மனுஷ உயிர் மலிவு என்று நினைக்கிற விசாரணை இது. சேரியில் பழகிய கை கோயில் வாசல்வரை நீளும் என்பதை ஊர்க்காரர்களும் புரிந்துகொள்ள வேண்டும்.

அப்படியானால் போலீசே வேண்டாமா? நம்ம தோழர்கள் சிலர் அப்படித்தான் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. களவு போனால் நமக்கும் வலிக்கும். ஒரு கைம்பெண்ணின் இரண்டு ஆடு போனால் அவளுக்கு அதுதான் வங்கி, அதுதான் பீரோ. கஞ்சா விற்கிறவன் நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம்தான் வருகிறான். சித்தாள் வேலை முடிந்து இருட்டில் திரும்பும் நம் பெண்களுக்குத் தெருவிளக்கும் பாதுகாப்பும் வேண்டும். ஆட்டைக் காணோம் என்று போன எங்கள் காலனிக்காரரிடம் ‘ஒழுங்கா கட்டிப்போட மாட்டியா?’ என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். மனு ரசீதுகூடக் கிடையாது. குற்றவாளிப் பட்டியலில் நமக்கு முதல் இடம், புகார்ப் பட்டியலில் இடமே இல்லை. நாம் கேட்பது காவலை ஒழிக்க அல்ல, காவலில் நம் பங்கை.

போலீசோடு கைகோத்துவிட்டால் பங்கு கிடைத்துவிடும் என்று சிலர் நம்பினார்கள். 1993-ல் ராமநாதபுரத்தில் தொடங்கிய ‘போலீஸ் நண்பர்கள் குழு’ அப்படிப்பட்ட முயற்சிதான். 2020 ஜூனில் சாத்தான்குளம் தந்தை, மகன் கொலைக்குப் பிறகு அந்தக் குழுவின் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. 2020 ஜூலையில் தமிழக அரசே அதற்குத் தடை போட்டது. நண்பனாகப் போனால் லத்தியின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்வார்கள். நாம் போக வேண்டியது குடிமக்களாக, சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு.

எனவே நமக்கென்று ஒரு துண்டறிக்கை வேண்டும். அதில் என்ன இருக்க வேண்டும் என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன்.

ஒன்று. ‘ஸ்டேஷனுக்கு வா’ என்று வாயால் கூப்பிட்டால் எழுத்தில் கேளுங்கள். சாட்சி விசாரணை என்றால் பெண்களையும், 15 வயதுக்குக் கீழ், 60 வயதுக்கு மேல் உள்ளவர்களையும், மாற்றுத்திறனாளிகளையும் அவர்கள் இருக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். 179-ஆம் பிரிவு சொல்கிறது.

இரண்டு. கைது என்றால் வருகிறவர் சட்டையில் பெயர் தெரிய வேண்டும். கைதுக் குறிப்பில் வீட்டாரோ ஊர்க்காரரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். உறவினருக்குத் தகவல் தர வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன்னால் நிறுத்த வேண்டும். 1996-ல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிகளில் பலவும் இன்று சட்டத்திலேயே இருக்கின்றன. யாரையாவது கூட்டிப்போனால் இரண்டு பேர் பின்னாலேயே போங்கள், நேரத்தைக் குறித்துவையுங்கள்.

மூன்று. புகாரை எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். பதிய மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிய முன்விசாரணை தேவையில்லை என 2018-ல் சேர்த்த 18-ஏ பிரிவு சொல்கிறது. வேண்டுமென்றே கடமை தவறும் அதிகாரிக்கு 4-ஆம் பிரிவில் தண்டனை உண்டு.

நான்கு. தெருவுக்குத் தெரு கேமரா வைக்கச் சொல்கிறார்களே, நிலையத்துக்குள்ளும் வைக்கச் சொல்லி 2020 டிசம்பர் 2-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. பதிவைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும். அடி விழுந்தது என்று தெரிந்தால் அன்றைக்கே பதிவைப் பாதுகாக்கக் கேட்டு மனுப் போடுங்கள்.

ஐந்து. பட்டியல் சாதி, பழங்குடி, ஏழை என்பதற்காகவே யார் பெயரிலும் சரித்திரப் பதிவேடு திறக்காமல் இருக்க வழி செய்யும்படி 2024 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது. நம் காலனிப் பையன்களில் யார் யார் பெயர் பதிவேட்டில் ஏறியிருக்கிறது, எதற்காக என்று வழக்கறிஞர் தோழர்களை வைத்துக் கேளுங்கள்.

சட்டம் மட்டும் நம்மைக் காத்துவிடாது. அம்பேத்கர் எழுதித் தந்த உரிமைகளையே காகிதத்தில் வைத்துப் பூட்டியவர்கள் இவர்கள். ஆனால் சட்டம் தெரிந்த நாலு பேர் ராத்திரி பத்து மணிக்கு நிலையத்து வாசலில் நின்றால், உள்ளே ஓங்குகிற லத்தி ஒரு நிமிஷம் யோசிக்கும். அந்த ஒரு நிமிஷத்தில் ஓர் உயிர் தப்பலாம்.

மாணவத் தோழர்களே, இந்த ஐந்தையும் உங்கள் ஊர்ப் பேச்சில் எழுதுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். காவல் துறை துண்டறிக்கை ஒட்டுகிற அதே சுவரில், அதன் பக்கத்திலேயே இதையும் ஒட்டுங்கள். கிழித்தால் மறுபடியும் ஒட்டுங்கள்.