கேட்ட பெயரில் கிடைக்கட்டும்

இந்த வாரம் மனசுக்கு நிறைவான ஒரு வேலையைப் பார்த்தேன். இளம் நண்பர் ஒருவர், தன் அலுவலகத்தில் பைத்தான் நிரல்களுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவே இருக்கும் இடை அடுக்கில், நெடுவரிசைக்கு மாற்றுப்பெயர் வைக்கும் வசதியைச் சேர்த்திருக்கிறார். "பார்த்துச் சொல்லுங்க சார்" என்று அனுப்பியிருந்தார். நெடுவரிசைகளைப் பெயர் சொல்லிக் கேட்காமல் மொத்தமாக அள்ளும் செலக்ட் ஸ்டார் மீது எனக்குள்ள கோபம் இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்டவன் இதை எவ்வளவு ஆசையோடு திறந்திருப்பேன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தேவை என்னவோ எளியதுதான். ஒரு டேபிளில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கவுண்ட் போட்டு எண்ணுகிறோம். வந்த எண்ணைப் பைத்தானில் எந்தப் பெயர் சொல்லி எடுப்பது? சிகாகோவின் டிபால் பல்கலைக்கழகப் பேராசிரியர் மாசிமோ டி பியர்ரோ 2007-இல் வெளியிட்ட வெப்டூபையில் பிறந்த பைடால் அடுக்கில், பெயர் வைக்காத கணக்கெல்லாம் 'எக்ஸ்ட்ரா' என்று ஒரு தனி இடத்தில் போய்ச் சேரும். அதை எடுப்பதற்கான சாவி அந்த எஸ்க்யூஎல் வாசகமேதான், அடைப்புக்குறி மேற்கோள்குறி சகிதம். டேட்டாபேஸ் மாறினால் மேற்கோள்குறியும் மாறும், சாவியும் மாறும். குவெரியிலேயே 'ஆஸ்' போட்டு 'மொத்தம்' என்று பெயர் வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே கிடையாது.

நண்பர் இரண்டு இடங்களில் அருமையாக யோசித்திருக்கிறார். நெடுவரிசையின் ஆப்ஜெக்ட் அந்த டேபிளைத் தொடும் எல்லாக் குவெரிகளுக்கும் பொது. அதிலேயே மாற்றுப்பெயரை எழுதிவிட்டால், சம்பந்தமே இல்லாத வேறொரு குவெரி அடுத்த நிமிஷம் உடையும். அதனால் அவர் நகல் எடுத்து நகலுக்குத்தான் பெயர் வைக்கிறார். இரண்டாவது, பெயர் எந்த இடத்தில் அச்சாகிறது என்பது. செலக்ட் பட்டியலில் 'இந்தக் கணக்கு ஆஸ் மொத்தம்' என்று முழுதாக வர வேண்டும். ஆர்டர் பை-யில் 'மொத்தம்' மட்டும் போதும். வேர் பகுதியில் பெயரே வரக் கூடாது, பழைய கணக்குதான் வர வேண்டும். செலக்ட் பட்டியல் கணக்கிடப்படுவதற்கு முன்பே வேர் பார்க்கப்பட்டுவிடுகிறது என்பதால், போஸ்ட்கிரெஸ் அங்கே மாற்றுப்பெயரை ஏற்காது. எஸ்க்யூலைட் ஏற்கும். எஸ்க்யூலைட்டில் மட்டும் சோதித்துவிட்டு முடிந்தது என்று நினைப்பவர்கள் ஏமாறும் இடம் இது. நண்பர் ஏமாறவில்லை.

அவர் நிரலைப் பற்றி இன்னும் நிறையச் சொல்லலாம். ஆனால் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே கை அலமாரிக்குப் போய், எட்கர் காட் எழுதிய கட்டுரையின் பழைய நகலை எடுத்துவிட்டது. 1970 ஜூனில் 'கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏசிஎம்' இதழில் வந்த, பதினொரு பக்கமே கொண்ட கட்டுரை. இன்று நாம் பழகும் டேபிள் சார்ந்த டேட்டாபேஸ்கள் எல்லாவற்றுக்கும் மூலம் அதுதான். அதில் நான் திரும்பத் திரும்பப் படிக்கும் இடம் ஒன்று உண்டு. இயந்திர உதிரிப் பாகங்களுக்கு ஒரு டேபிள் தருகிறார் காட். மூன்று நெடுவரிசைகள்: பாகம், பாகம், எண்ணிக்கை. ஆமாம், 'பாகம்' இரண்டு முறை. முதல் வரி 1, 5, 9. ஐந்தாம் எண் பாகம் ஒன்றைச் செய்ய, ஒன்றாம் எண் பாகம் ஒன்பது வேண்டும் என்று பொருள். இடம் மாற்றிப் படித்தால் அர்த்தம் தலைகீழ்.

காட் அடுத்து வைக்கும் வாதம்தான் எனக்கு உயிர். முப்பது நெடுவரிசை கொண்ட டேபிள்கள் நடைமுறையில் சகஜம். எது எத்தனாவது இடத்தில் இருக்கிறது என்று ஞாபகம் வைத்துக்கொள்ளும் சுமையைப் பயன்படுத்துபவர் தலையில் ஏற்றக் கூடாது என்கிறார். இடத்தை வைத்து அல்லாமல் பெயரை வைத்தே ஒவ்வொன்றையும் தனியாக அடையாளம் காண முடிய வேண்டும். ஒரே வகை இரண்டு முறை வந்தால், அவை வகிக்கும் பாத்திரத்தைச் சொல்லும் ஓர் அடைமொழி கட்டாயம். உட்பாகம், மேற்பாகம் என்று பிரித்துக் காட்டுகிறார். எஸ்க்யூஎல் பிறப்பதற்கு முன்பே, மாற்றுப்பெயரை ஒரு சலுகையாக அல்ல, நிபந்தனையாகவே வைத்துவிட்டார் மனிதர்.

இங்கிலாந்தின் பீட்டர்லீயில் இருந்த ஐபிஎம் ஆய்வு மையத்தினர் இதைப் புரிந்துகொண்டார்கள். 1970களில் அவர்கள் செய்த ஐஎஸ்பிஎல் மொழியில், நெடுவரிசையைத் தேர்ந்தெடுக்கும்போதே அம்புக்குறி போட்டுப் புதுப் பெயர் வைத்துவிடலாம். ஆனால் உலகம் முழுக்கப் பரவியது, அதே ஐபிஎம்மின் சான் ஹோசே கூடத்திலிருந்து டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974-இல் வெளியிட்ட ஸீக்வெல். பிறகு எஸ்க்யூஎல் ஆனது அதுதான். இதில் டேபிள் உருவாக்கும்போது ஒரே பெயரை இரண்டு முறை வைக்க முடியாது. செலக்ட் தரும் விடையில் மட்டும் ஒரே பெயர் எத்தனை முறையும் வரலாம், பெயரே இல்லாமலும் வரலாம். பெயர் தெரியாத கணக்குக்கு போஸ்ட்கிரெஸ், நெடுவரிசை என்பதன் ஆங்கிலச் சொல்லை இரு கேள்விக்குறிகளுக்கு நடுவே போட்டு அனுப்பும். 'ஆஸ்' போடாவிட்டால் என்ன பெயர் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, அடுத்த வெளியீட்டில் மாறலாம் என்று எஸ்க்யூலைட் தன் கையேட்டிலேயே எழுதி வைத்திருக்கிறது. சி.ஜே. டேட் 2009-இல் எழுதிய 'எஸ்க்யூஎல் அண்ட் ரிலேஷனல் தியரி' இந்தச் சறுக்கலை விடாமல் துரத்தும் புத்தகம். பெயரில்லாத நெடுவரிசையை விடாதே, இரட்டைப் பெயரை விடாதே என்று அலுக்காமல் சொல்லும். இந்தத் துறையில் ஒரே புத்தகம் வாங்குங்கள் என்றால் அதைத்தான் சொல்வேன்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்பவர்களுக்கு ஒரு சோதனை. மாணவர் டேபிளிலும் பள்ளி டேபிளிலும் 'பெயர்' என்று ஒரு நெடுவரிசை இருக்கட்டும். இரண்டையும் ஜாயின் செய்து, மாற்றுப்பெயர் வைக்காமல், மாணவர் பெயரை முதலிலும் பள்ளியின் பெயரை அடுத்தும் எடுங்கள். பைத்தானோடு கூடவே வரும் எஸ்க்யூலைட் மாட்யூலின் ரோ வகையில் 'பெயர்' என்று கேட்டால் மாணவர் பெயர் வரும், ஏனென்றால் அது முதலில் பொருந்துவதைத் தருகிறது. அதே மாட்யூலின் ஆவணத்தில் உள்ள, வரியை டிக்ஷனரியாக மாற்றும் குறிப்பைப் பயன்படுத்திப் பாருங்கள், பள்ளியின் பெயர் வரும், ஏனென்றால் டிக்ஷனரியில் பின்னால் வருவது முன்னதை அழித்துவிடுகிறது. ஒரே டேட்டாபேஸ், ஒரே குவெரி, இரண்டு பதில். இரண்டு வழியிலும் பிழைச் செய்தி கிடையாது.

தமிழில் பெயர் வைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். போஸ்ட்கிரெஸில் பெயரின் நீளம் 63 பைட்டைத் தாண்டக் கூடாது. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகள், ஆக 'க்' ஒன்றே 6 பைட். 'மாவட்டவாரியாக_மாணவர்_எண்ணிக்கை' என்று ஒரு மாற்றுப்பெயர், 'மாவட்டவாரியாக_மாணவர்_எடை' என்று இன்னொன்று வையுங்கள். இரண்டையும் போஸ்ட்கிரெஸ் 'மாவட்டவாரியாக_மாணவர்_எ' என்று வெட்டிவிடும். வெட்டியதாக ஓர் அறிவிப்பு மட்டும் அனுப்பும், குவெரி நிற்காது. கவனமாக வைத்த இரு வேறு பெயர்கள் டேட்டாபேஸுக்குள் போய் ஒன்றாகித் திரும்புகின்றன, அப்புறம் டிக்ஷனரி தன் வேலையைக் காட்டுகிறது. எண்ணிக்கை இருக்க வேண்டிய இடத்தில் எடை. இடை அடுக்கு இதை முன்கூட்டியே பார்க்க வேண்டும். பைத்தான் இடை அடுக்குகளில் ஒன்றான எஸ்க்யூஎல்ஆல்கெமி, தானாக உருவாக்கும் பெயர்களை அந்தந்த டேட்டாபேஸின் வரம்புக்கு ஏற்பச் சுருக்குகிறது, திரும்பி வரும் மதிப்பைச் சரியான நெடுவரிசையோடு சேர்த்துவைக்கிறது. எந்தப் பெயர் என்று தெளிவாகாவிட்டால் பிழை எழுப்புகிறது. ஜாங்கோவில் அன்னோடேட் வழியாக வைக்கும் பெயர் மாடலின் ஃபீல்டு பெயரோடு மோதினால் அங்கேயே நிறுத்திவிடுகிறது. இந்தக் கண்டிப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இடை அடுக்கு எழுதும் தம்பி தங்கைகளுக்கு என் வேண்டுகோள்: மாற்றுப்பெயர் வசதி சேர்க்கும்போது, 'ஆஸ்' அச்சாகிறதா என்று மட்டும் சோதித்துவிட்டுப் போகாதீர்கள். விடையில் ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் உங்கள் அடுக்கு என்ன செய்கிறது என்று ஒரு சோதனை எழுதுங்கள். பேசாமல் ஒன்றை விழுங்கினால், அதைச் சரிசெய்யும்வரை அந்த வசதியை வெளியிட வேண்டாம்.