அபூ உமைரின் குருவி



ஒரு தாய் கடிதம் எழுதியிருக்கிறார். பத்து வயது மகள் வளர்த்த "லவ் பேர்ட்ஸ்" சோடியில் ஒன்று செத்துப்போய்விட்டதாம். பிள்ளை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "ஒரு குருவிக்கா இந்த அழுகை? தொழுகை தவறினால் இப்படி அழுவாயா?" என்று வாப்பா அதட்டியிருக்கிறார். கூட்டையும் யாருக்காவது கொடுத்துவிடச் சொல்கிறாராம். பறவைகளில் இப்படி மனம் வைப்பது ஈமானுக்குக் குறைவா என்று அந்தத் தாய் கேட்கிறார்.

இந்தக் கேள்விக்குரிய பதில் மதீனாவில் ஒரு வீட்டுக்குள் இருக்கிறது. உம்மு ஸுலைம் (ரழி) அவர்களின் வீடு அது. அனஸ் (ரழி) அவர்களுடைய உம்மாதான் அவர். அனஸுக்கு ஒரு சின்னத் தம்பி இருந்தார். பால்குடி மறந்த வயதுதான். அவருக்கு அபூ உமைர் என்று பெயர். அவர் ஒரு சிட்டுக்குருவி போன்ற பறவையை வைத்து விளையாடிக்கொண்டிருந்தார். அரபியில் அதனை "நுஃகர்" என்பார்கள். அந்த வீட்டுக்கு அடிக்கடி வரும் நபிகளார் (ஸல்) ஒரு நாள் வந்தபோது பிள்ளை முகம் வாடியிருந்தது. காரணம் கேட்டார்கள். குருவி செத்துவிட்டது என்றார்கள். உடனே நபிகளார் பிள்ளையின் பக்கம் திரும்பி, உமைர், நுஃகைர் என்று ஓசை பொருந்தி வரும்படி, அந்தக் குருவிக்கு என்ன நடந்தது என்று அவரிடமே விசாரித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இந்த ஹதீஸ் வந்திருக்கிறது.

ஒரு சமூகத்தின் தலைவர். எத்தனையோ பொறுப்புகள். அப்படியிருந்தும் ஒரு குழந்தையின் குருவியைப் பற்றிக் கேட்க அவர்களுக்கு நேரம் இருந்தது!

ஒரு காலத்தில் சிலர், ஹதீஸ் கலை அறிஞர்கள் பயனில்லாத செய்திகளையும் அறிவிக்கிறார்கள் என்று குறை சொன்னார்கள். அதற்கு உதாரணமாக இந்தக் குருவி ஹதீஸையே காட்டினார்கள். ஹிஜ்ரி 335இல் மௌத்தான ஷாபிஈ மத்ஹபு அறிஞர் இப்னுல் காஸ் அதற்குப் பதிலாக ஒரு கிதாபே எழுதினார். இந்த ஒரே ஹதீஸிலிருந்து அறுபது சட்டங்களையும் பயன்களையும் எடுத்துக் காட்டினார். சிறு பிள்ளை பறவையோடு விளையாடலாம் என்பதும், பிள்ளையோடு கேலியாகப் பேசலாம் என்பதும் இமாம்கள் இதிலிருந்து எடுத்தவைதாம்.

ஆகவே சகோதரி, உங்கள் மகளின் அழுகையில் ஈமானுக்குக் குறைவு ஒன்றுமில்லை. வாப்பா கூட்டைத் தூக்குவதற்கு முன்னால் அந்தக் குருவிக்கு மகள் என்ன பெயர் வைத்திருந்தாள் என்றாவது கேட்கட்டும். தொழுகையைப் பற்றி வேறொரு நேரம் பேசலாம். அழுகிற பிள்ளையிடம் அதைக் கொண்டுவந்தால், தொழுகை என்றாலே அதட்டல் என்றுதான் அவள் மனதில் பதியும்.

பிரியத்துக்குக் கடமையும் உண்டு. பூனையைக் கட்டிவைத்து, தானும் தீன் கொடுக்காமல், அது தானாகத் தேடித் தின்னவும் விடாத பெண்ணுக்குக் கிடைத்த தண்டனையை மத்ரஸா பிள்ளைகளும் அறிவார்கள். நாம் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லும் இந்தப் பறவையின் சொந்த நாடு அவுஸ்திரேலியா. கூட்டம் கூட்டமாக வாழும் இனம், தனிமை அதற்கு ஒத்துவராது. மிஞ்சிய குருவிக்கு ஒரு துணை தேடுங்கள். கூட்டைக் குசினியில் வைக்காதீர்கள். நொன்-ஸ்டிக் தாச்சி வெறுமனே அடுப்பிலிருந்து அளவுக்கு மிஞ்சிச் சூடானால், அதிலிருந்து வரும் ஆவி மனிதருக்குத் தெரியாமலே பறவையைக் கொன்றுவிடும். தண்ணீரைத் தினமும் மாற்றுவது மகளின் வேலையாக இருக்கட்டும்.

பிள்ளைகளுக்கு மட்டுந்தானா ஆசைகள்? ஆயிஷா (ரழி) அவர்களின் பொம்மைகளுக்கு மத்தியில் துணித் துண்டுகளால் இரண்டு சிறகு வைத்த ஒரு குதிரை இருந்தது. குதிரைக்குச் சிறகா என்று நபிகளார் கேட்டார்கள். ஸுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்ததை நீங்கள் கேள்விப்படவில்லையா என்று ஆயிஷா (ரழி) திருப்பிக் கேட்டார்கள். நபிகளார் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். அபூதாவூதில் இருக்கிறது. உருவங்கள் பற்றிய சட்டத்தில் உலமாக்கள் பேசும் நுணுக்கங்கள் பல. அதனை இன்னொரு மாதம் பார்ப்போம். இங்கே நான் சொல்ல வந்தது அந்தச் சிரிப்பைத்தான்.

நம் வீடுகளில் கலியாணத்துக்கு முன் அழகாகப் பூவேலை தைத்த பெண், பைத் படித்த பெண், ரோசாக் கன்று நட்ட பெண், இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு அதையெல்லாம் எங்கே வைத்தாள்? நேரமில்லை என்பது பாதிக் காரணம். "இதெல்லாம் உனக்கு எதற்கு?" என்று யாரோ ஒருவர் கேட்டதே மீதிக் காரணம். கேட்டவர் பெரும்பாலும் புருஷன், சில வீடுகளில் மாமி.

உடுத்துவதிலும் இதே கதைதான். மனைவி தனக்காக அலங்கரித்துக்கொள்வதை விரும்புவதுபோல, தானும் அவளுக்காக அலங்கரித்துக்கொள்ள விரும்புவதாக இப்னு அப்பாஸ் (ரழி) சொன்னதாகத் தப்ஸீர்களில் வருகிறது. வீட்டுக்கு வந்ததும் பழைய சாரத்தோடு சாய்மனைக் கதிரையில் சாய்ந்துவிடும் வாப்பாமாரும் இந்தப் பக்கத்தை வாசிப்பதாகக் கேள்வி. அவர்களுக்காகத்தான் இதைக் கடைசியில் எழுதினேன்.