கச்சேரியிலிருந்து கல்லூரிக்கு

1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் யப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு வீசின. பர்மா அரிசியின் வரவும் நின்றுபோயிற்று. நெல் விளைவைப் பெருக்க வேண்டிக் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பெற்றவர் ஜனாப் ஏ. எம். ஏ. அஸீஸ். 1911இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிற் பிறந்து, இந்துக் கல்லூரியிற் பயின்று, இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர்.

நெல்லை நாடிச் சென்றவர் கண்டதோ வேறொரு பஞ்சம். வயல் இருந்தது, உழைப்பு இருந்தது. பிள்ளைகளுக்கு உயர்கல்வி இல்லை. காரைதீவு தந்த விபுலாநந்த அடிகளாரோடு அவர் அளவளாவியதும் அங்கேதான். சமயம் அவர்களுக்கிடையே குறுக்கே நிற்கவில்லை.

1945இல் முஸ்லிம் மாணவர்க்கென உபகாரச் சம்பள நிதியொன்றைத் தோற்றுவித்தார். 1948இல் உத்தியோகத்தையே துறந்து கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். சிவில் சேவை மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்கப் போட்டியிட்ட காலம் அது! மகன் ஆசிரியனாவதைக் குறைவாக எண்ணும் பெற்றோர் இதனைச் சற்றே சிந்திப்பாராக.

1952 முதல் 1963 வரை செனற் சபையில் அமர்ந்திருந்தார். 1956இல் தாம் சார்ந்திருந்த ஐக்கிய தேசியக் கட்சி சிங்களம் மட்டும் என்ற கொள்கையை ஏற்றபோது, அக்கட்சியினின்றும் விலகினார்; அரசகரும மொழி மசோதாவைச் சபையிலும் எதிர்த்தார். கல்லூரியொன்றின் அதிபருக்கு, ஆட்சியாளரைப் பகைப்பது எளிய காரியமன்று.

1973இல் அவர் காலமானார். 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் தன் முதற் பட்டமளிப்பு விழாவில், மறைந்த அவருக்குக் கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கிற்று.